தியான்சந்துக்குப் பிராட்மன் பெயர் எதற்கு?

ஒருவரைப் புகழ வேண்டுமாயின் இன்னொருவர் பெயரைக் கடன் வாங்கி வந்து அவர் தலையில் சூட்டுவது இந்நாட்டாரிடம் ஊறிப்போன பழக்கம். தமிழ் வளர்த்த மதுரைக்குக் ‘கிழக்கின் ஏதென்சு’ என்று பெயர். நூலாலைகள் நிறைந்த கோவைக்குத் ‘தென்னகத்தின் மான்செசுட்டர்’ என்று பெயர். நெப்போலியன் பிறப்பதற்கு ஏறத்தாழ 1400 ஆண்டுகட்கு முன்னரே வாழ்ந்து மறைந்த சமுத்திரகுப்தனுக்கு ‘இந்திய நெப்போலியன்’ என்று பெயர். பெயரனுக்குப் பாட்டன் பெயரை இடுவதே உலக வழக்கு. இங்கோ பாட்டனுக்குப் பெயரன் பெயரை இட்டு மகிழ்கின்றனர்!

இந்நோய் ஏட்டோடும் ஊரோடும் நிற்கவில்லை. ஆடுகளத்திலும் புகுந்து விட்டது. ஆக்கி எனப்படும் வளைகோற்பந்து ஆட்டத்தில் உலகம் கண்ட முதற்பெரும் வீரர் தியான்சந்து. அவர் பிறந்த ஆகத்து 29ஆம் நாள், 2012ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் அவரைப் போற்ற வருவோருள் ஒரு சாரார், ‘இவர் வளைகோற்பந்தின் பிராட்மன்’ என்று தொடங்குகின்றனர். கேட்போரும் அதனைப் பெரும்புகழ் என்றே கருதிக் கைதட்டுகின்றனர். அது புகழா, புகழ்வது போன்ற குறைப்பா என்று ஒருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கிரிக்கெட்டு என்னும் மட்டைப்பந்தில் ஆத்திரேலிய நாட்டுப் பிராட்மன் ஈடிணையற்றவர், அதில் ஐயமில்லை. அவர் பெருமையில் ஒரு துளியும் குறைக்க வேண்டியதில்லை. வழக்கு அவர்மேல் அன்று. அவர் பெயரை அளவுகோலாக்கி, வேறோர் ஆட்டத்தின் தலைமகனை அதனால் அளக்கப் புகுவார்மேலேயே வழக்கு.

அடிலெய்டில் பிறந்த சொல்

இவ்வொப்பீடு தோன்றிய இடத்தை முதலில் அறிதல் வேண்டும். 1935ஆம் ஆண்டு தியான்சந்து தலைமையில் இந்திய அணி நியூசிலாந்துக்கும் ஆத்திரேலியாவுக்கும் சுற்றுச்செலவு மேற்கொண்டது. அச்செலவில் அவ்வணி 48 ஆட்டங்கள் ஆடி, ‘கோல்’ எனப்படும் இலக்குகள் 584 அடித்தது. அவற்றுள் 201 தியான்சந்து ஒருவரே அடித்தவை. அடிலெய்டு நகரில் பிராட்மனும் தியான்சந்தும் ஒருவரையொருவர் கண்டனர். தியான்சந்தின் ஆட்டத்தைக் கண்ட பிராட்மன், மட்டைப்பந்தில் ஓட்டம் எடுப்பதைப் போல இவர் இலக்கடிக்கிறாரே என வியந்ததாகச் சொல்லப்படுகிறது.

இச்சொல்லை ஊன்றி நோக்குக. ஒரு தொழிலில் தலைசிறந்தவன் இன்னொரு தொழிலில் தலைசிறந்தவனைக் காணும்போது, தான் அறிந்த தொழிலின் சொல்லாலேயே வியப்பான். உழவன் கடலைக் கண்டால் ‘எத்தனை வேலி நீர்!’ என்பான். தட்டான் நெற்கதிரைக் கண்டால் ‘பொன்மணி’ என்பான். அது வியந்தவனின் நாகரிகம். அதனைக் கொண்டு கடலை வேலிக்கணக்கில் அளக்கப் புகுவதும் நெல்லை உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பதும் அறிவுடைமை ஆகுமா? விருந்தினனைக் கண்ட மகிழ்ச்சியில் பிராட்மன் கூறிய ஒரு சொல்லை, பின்வந்தோர் எடைக்கல்லாக மாற்றிக் கொண்டனர். பிராட்மன் தியான்சந்தைப் ‘பிராட்மன்’ ஆக்கவில்லை. அவ்வாறு ஆக்கியவர் பின்வந்தோரே.

உவமையின் இலக்கணம்

ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுவதற்கு இலக்கணம் வகுத்த மொழி தமிழ். தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் உவமைக்கென்றே ஓரியல் உண்டு. உவமையாக எடுக்கப்படுவது, உவமிக்கப்படும் பொருளினும் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது ஆங்குக் கூறப்படும் அடிப்படை. முகத்தை நிலவு என்றால் நிலவு உயர்ந்தது. அதன் உயர்வில் ஒரு பங்கு முகத்துக்குக் கிடைக்கிறது. அங்ஙனமாயின், ‘வளைகோற்பந்தின் பிராட்மன்’ என்று வாய்திறந்த அளவிலேயே பேசுவோன் எதனை ஒப்புக்கொண்டு விடுகிறான்? பிராட்மன் உயர்ந்தவர், அவரோடு ஒட்டியதால் தியான்சந்தும் ஓரளவு உயர்ந்தார் என்பதனையே.

இதனை மெய்ப்பிக்க வேறு சான்று வேண்டா. பிராட்மனை ‘மட்டைப்பந்தின் தியான்சந்து’ என்று அழைப்பார் எவரேனும் உளரோ? இருவரும் நிகர் என்றால் பெயர் இருபுறமும் செல்ல வேண்டுமே! ஒருவழியாக மட்டும் ஓடும் நீர், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் நீராகத்தான் இருக்கும்.

இன்னும், உவமை பொருந்தும் இடங்களை வினை, பயன், மெய், உரு என நால்வகைப்படுத்துவர் முன்னோர். செயலால் ஒப்பது வினை. விளைவால் ஒப்பது பயன். வடிவால் ஒப்பது மெய். நிறத்தால் ஒப்பது உரு. இந்நான்கு உரைகற்களிலும் இவ்வொப்பீட்டை உரைத்துப் பார்க்கலாம்.

வினையால் ஒக்குமா? மட்டைப்பந்தில் அடிப்பவன் தனியன். அவனை நோக்கிப் பந்து வருகிறது. அவன் ஒருவனே அதனை எதிர்கொள்கிறான். எதிர்முனையில் நிற்கும் தோழன் ஓடுவதற்குத்தான் துணை, அடிப்பதற்குத் துணையல்லன். பந்து ஒவ்வொரு முறையும் நின்று, மீண்டும் தொடங்குகிறது. வளைகோற்பந்திலோ பந்து நிற்பதில்லை. பதினொருவர் ஓடிக்கொண்டே இருக்கின்றனர். பின்வரிசையிலிருந்து இடைவரிசைக்கும், இடைவரிசையிலிருந்து முன்வரிசைக்கும் பந்து கைமாறி வருகிறது. எதிரணியின் இலக்கைச் சூழ்ந்த வளைவுக் கோட்டுக்கு உள்ளிருந்து தொடப்பட்டால்தான் இலக்கு செல்லும். தொலைவில் நின்று ஒருவன் தன் வலியெல்லாம் கூட்டி அடித்தாலும் பயனில்லை. ஆகவே அங்கே அடித்தலினும் முற்பட்ட வினை கொடுத்தல். தியான்சந்து ஆடிய இடம் முன்வரிசை ஐவருள் நடுவிடம். வலப்புறம் இருவர், இடப்புறம் இருவர். நடுவில் நிற்பவன் வாங்கவும் வேண்டும், வழங்கவும் வேண்டும். பிராட்மனின் வினை எதிர்த்து நிற்றல். தியான்சந்தின் வினை வாங்கி வழங்குதல். இரண்டும் பெருமைக்குரியவை, ஆனால் ஒன்றல்ல.

பயனால் ஒக்குமா? மட்டைப்பந்தில் ஓட்டம் என்பது நெல்மணி போன்றது. ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு எனக் குவித்துக் கொண்டே செல்லலாம். 1930ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இலீட்சு நகரில் பிராட்மன் ஒரே ஆட்டத்தில் 334 ஓட்டங்கள் குவித்தார். வளைகோற்பந்தில் இலக்கு என்பது விளைச்சல் அன்று. வெற்றியையே முடிவு செய்யும் தீர்ப்பு. ஓரிலக்கு ஓர் ஆட்டத்தின் தலையெழுத்தையே மாற்றிவிடும். குவிப்பதையும் தீர்ப்பதையும் ஒரே படியால் எங்ஙனம் அளப்பது?

மெய்யாலும் உருவாலும் ஒக்குமா? இங்கேதான் ஒரு வேடிக்கை. இரண்டு ஆட்டத்தின் பந்துகளும் எடையில் ஏறத்தாழ ஒன்றே; 156 முதல் 163 கிராம் வரை என்பது இரண்டுக்கும் பொதுவான அளவு. சுற்றளவிலும் பெரும் வேறுபாடில்லை. மட்டைப்பந்தின் பழைய பந்து சிவப்பு. வளைகோற்பந்தின் பந்து வெள்ளை. ஆகவே மெய்யால் ஒப்புமை உண்டு, உருவால் இல்லை. ஆனால் அவ்வொப்புமையும் பந்துக்கும் பந்துக்குமே ஒழிய, ஆளுக்கும் ஆளுக்கும் அன்று!

ஒன்றை மட்டும் மறைக்காமல் கூறவேண்டும். இருவர்க்கும் பொதுவான பண்பு உழைப்பு. பிராட்மன் சிறுவனாயிருந்த காலத்தில் பௌரல் என்னும் ஊரில், வீட்டுப் பின்புறத் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் சிறு பந்தொன்றை எறிந்து, அது மீளும்போது ஒரு குச்சியால் அடித்து அடித்துப் பழகினார். தியான்சந்து 1922ஆம் ஆண்டு படையில் எளிய வீரராகச் சேர்ந்தார். பகற்பொழுதின் கடமை முடிந்தபின் நிலவொளியில் பந்தோடு பழகினார் என்பர். பெற்றோர் இட்ட பெயர் தியான்சிங்கு; நிலவில் பழகியதால் படைத்தோழர் நிலவைக் குறிக்கும் ‘சந்து’ என்னும் சொல்லைச் சேர்த்து அழைத்தனர் என்பது அப்பெயருக்குச் சொல்லப்படும் கரணியம். எவ்வாறாயினும், தன் உழைப்பால் வந்த பெயரொன்று அவருக்கு முன்னரே இருந்தது. இன்னொருவர் பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஏடும் கதையும்

ஒப்பீட்டாளர் உடனே ஒரு மறுப்புக் கூறுவர்: ‘ஆட்டங்கள் வேறாயினும், தம் காலத்து மற்ற ஆட்டக்காரரினும் ஒருவர் எவ்வளவு தொலைவு முன்சென்றார் என்று அளக்கலாமே?’ என்பர். இம்மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. ஆத்திரேலியப் புள்ளியியலாளர் சார்லசு டேவிசு இம்முறையிலேயே பல ஆட்டங்களின் தலைவர்களை அளந்தார். ஓராட்டத்தின் பொது நிலையிலிருந்து ஒருவர் எத்தனை படி விலகி உயர்ந்து நிற்கிறார் என்பதே அவர் அளவை. அதில் பிராட்மன் 4.4; கால்பந்தின் பெலே 3.7, அடிபந்தின் தை காபு 3.6, குழிப்பந்தின் சாக்கு நிக்கலசு 3.5, கூடைப்பந்தின் மைக்கேல் சோர்டன் 3.4. முறை நேரியது, முடிவும் வியக்கத்தக்கது.

ஆனால் அவ்வரிசையில் தியான்சந்து எங்கே? அளக்க ஏடு இருந்தாலன்றோ அளப்பது!

பிராட்மனுக்கு ஏடு உண்டு. ‘டெசுட்டு’ எனப்படும் நாடுகளுக்கிடையேயான ஆட்டங்கள் 52 ஆடினார். 80 முறை மட்டை பிடித்தார். 10 முறை வீழாது நின்றார். 6,996 ஓட்டங்கள் எடுத்தார். 29 முறை நூறு கடந்தார். சராசரி எனப்படும் நிரவல் 99.94. அவருக்கு அடுத்த நிலையில் நீண்டநாள் ஆடியோரின் நிரவல் 60ஐ ஒட்டியே நிற்கிறது. 1948ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 14ஆம் நாள் இலண்டன் ஓவல் திடலில் அவர் கடைசி முறையாக மட்டை பிடித்தபோது நான்கே ஓட்டம் எடுத்திருந்தால் அந்நிரவல் 100 ஆகியிருக்கும். ஆலிசு என்பவர் எறிந்த இரண்டாம் பந்தில் ஓட்டமேதும் இன்றி வீழ்ந்தார். அந்நான்கு ஓட்டத்தின் இழப்பை உலகம் இன்றும் நினைக்கிறது. ஏன்? ஒவ்வோர் ஓட்டமும் எழுதப்பட்டிருந்தது. எழுதப்பட்டிருந்ததால் இழப்பும் தெரிந்தது.

தியான்சந்தின் ஏட்டைப் புரட்டினால் அணியின் வெற்றி தெளிவாக இருக்கிறது. 1928 ஆம்சுட்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய அணி ஐந்து ஆட்டங்களில் 29 இலக்குகள் அடித்தது, ஒன்றுகூட வாங்கவில்லை. அவற்றுள் 14 தியான்சந்து அடித்தவை. 1932 இலாசு ஏஞ்சலீசில் சப்பானை 11–1 என்றும், அமெரிக்காவை 24–1 என்றும் வென்றது. 1936 பெர்லினில் அவரே அணித்தலைவர். ஐந்து ஆட்டங்களில் 38 இலக்குகள், வாங்கியது ஒன்றே. முன்னர்ப் பழக்க ஆட்டத்தில் 4–1 எனத் தங்களைத் தோற்கடித்த செருமானியரை, ஆகத்து 15ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் 8–1 என வென்றனர். மூன்று ஒலிம்பிக்கு, மூன்று பொற்பதக்கம்.

இவ்வளவு சொன்ன ஏடு, தனியொருவர் பங்கு என்று கேட்டவுடன் தடுமாறுகிறது. அந்த எட்டு இலக்குகளில் தியான்சந்து அடித்தவை மூன்று என்று ஒரு நூல் கூறும். ஆறு என்று இன்னொரு நூல் கூறும். வாழ்நாளில் நாடுகளுக்கிடையே அடித்த இலக்குகள் 400க்கு மேல் என்பார் ஒருவர்; 570 என்பார் இன்னொருவர். உலகமே திரண்டிருந்த ஒலிம்பிக்கு இறுதி ஆட்டத்தின் கணக்கே இந்நிலையில் உள்ளது!

கணக்கு இல்லாத இடத்தில் கதை முளைக்கும். அவர் கோலில் காந்தம் இருக்குமோ என ஐயுற்று அதனை உடைத்துப் பார்த்தார்கள் என்று ஒரு கதை. இட்லர் தம் படையில் உயர்பதவி தருவதாக அழைத்தார் என்று இன்னொரு கதை. மக்கள் அன்பினால் கதை வளர்க்கின்றனர். அது அவர்கள் குற்றமன்று. ஆனால் கதை எத்துணை இனிதாயினும் சான்றாகாது. வழக்காடும் இடத்தில் பிராட்மன் கையில் ஏடு இருக்கிறது. தியான்சந்து கையில் கதை இருக்கிறது. ஏட்டையும் கதையையும் ஒரே தட்டில் நிறுத்திவிட்டு, ‘ஏறத்தாழ நிகர்தான்’ என்று பெரிய மனத்தோடு தீர்ப்புச் சொல்வதே இவ்வொப்பீட்டின் உள்ளுறை.

கொடையை எண்ணிய ஆட்டம்

‘ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்டத்தில் எண்ணுவது இயலாது’ என்று இதற்கு அமைதி கூறுவர் சிலர். அது பொய் என்பதற்கு இன்னொரு வளைகோல் ஆட்டமே சான்று. வட அமெரிக்காவில், குறிப்பாகக் கனடாவில், உறைபனித் தளத்தின்மேல் சறுக்கிக்கொண்டே ஆடும் வளைகோல் ஆட்டம் உண்டு. ஆங்கே ஓரிலக்கு விழுந்தால் அடித்தவன் பெயரோடு, அதற்கு முன் பந்து போன்ற அவ்வட்டைத் தந்தவர் இருவர் பெயரையும் ஏட்டில் எழுதுவர். அடித்தவனுக்கு ஒரு புள்ளி. தந்தவனுக்கும் ஒரு புள்ளி.

அவ்வாட்டத்தின் பெருவீரர் கனடா நாட்டு வெயின் கிரெட்சுகி. தேசிய வளைகோல் கூட்டணியின் முறையாட்டங்களில் அவர் அடித்தவை 894. அடிக்கத் தந்தவை 1,963. ஆக 2,857 புள்ளிகள். 894 என்னும் அடித்தற்கணக்கை 2025ஆம் ஆண்டு ஏப்பிரலில் உருசிய வீரர் ஓவெச்சுகின் கடந்து விட்டார். ஆனால் கிரெட்சுகியின் பெருமை அதனால் சரியவில்லை. ஏன்? மொத்தப் புள்ளியில் அவருக்கு அடுத்து நிற்கும் செக்கு நாட்டு யாகருக்கு அடித்ததும் தந்ததும் சேர்த்தே 1,921 தான். கிரெட்சுகி வாழ்நாளில் ஓரிலக்கும் அடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், தந்த கணக்கு ஒன்றைக் கொண்டே அவர் முதலிடத்தில் இருப்பார்!

இங்குக் கருத வேண்டுவது ஒன்றுண்டு. கிரெட்சுகி யார் என்று உலகுக்குச் சொல்ல அந்நாட்டார் வேறோர் ஆட்டத்தின் பெயரைக் கடன் வாங்கவில்லை. தம் ஆட்டத்தின் உயிர்நிலை கொடுத்தலே என்று கண்டனர், கண்டதை எண்ணினர், எண்ணியதை எழுதினர். அதனால் அவர் தம் ஆட்டத்தின் அளவுகோலாலேயே உயர்ந்தார். ஈகையைப் புகழோடு சேர்த்துப் பேசிய மரபு தமிழ் மரபு. அம்மரபினர் வாழும் நாட்டில், ஈந்தவன் பெயரை எழுத ஓர் ஏடில்லை. கொடையைக் கணக்கெழுதக் கனடாக்காரன் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

இலாசு ஏஞ்சலீசில் அமெரிக்காவுக்கு எதிராக விழுந்த 24 இலக்குகளில் தம்பி உரூப்சிங்கு அடித்தவை 10. அண்ணன் தியான்சந்து அடித்தவை 8. அடித்தற்கணக்கு ஒன்றே அளவென்றால் அன்று தம்பியே பெரியவர். ஆனால் ஆட்டமறிந்த எவரும் அங்ஙனம் கூறியதில்லை. ஏடு சொல்லாத ஒன்று அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. அந்த ‘ஒன்று’ எத்தனை முறை நடந்தது என்பதுதான் எழுதப்படாமல் போயிற்று. ஓட்டக்கணக்கு மட்டுமே அறிந்த பிராட்மன் அளவுகோல் அந்த ஒன்றை என்றும் அளக்காது. தியான்சந்துக்கு அவ்வளவுகோல் தரும் தீங்கு இதுவே: அவருடைய பாதியை மட்டும் அளந்து, அப்பாதியையே முழுமையென்று காட்டிவிடும்.

இழப்பு எவர்க்கு?

இது வெறுஞ்சொல்லாராய்ச்சி என்று ஒதுக்குவார்க்குச் சில நிகழ்ச்சிகளை நினைவூட்ட வேண்டும்.

நெதர்லாந்தை 6–1 என இந்தியா வென்ற 1952 எல்சிங்கி ஒலிம்பிக்கு இறுதி ஆட்டத்தில் ஐந்து இலக்குகள் அடித்தவர் பல்பீர்சிங்கு. 1948, 1952, 1956 என மூன்று பொற்பதக்கம் பெற்றவர். அவர் பெயரை இன்றைய மாணவருள் எத்துணைப் பேர் அறிவர்? 1980 மாசுகோ ஒலிம்பிக்கில் இசுபானியாவை 4–3 என வென்று பொற்பதக்கம் கொணர்ந்த அணியின் தலைவர் ஆரணியில் பிறந்த தமிழர் வாசுதேவன் பாசுகரன். மட்டைப்பந்து வீரர் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கும் தமிழ்ப் பிள்ளைகளிடம் இப்பெயரைக் கேட்டுப் பார்க்க.

புனேயை அடுத்த கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் தன்ராசு பிள்ளை. நான்கு ஒலிம்பிக்கு, நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு ஆடியவர்; 1998ஆம் ஆண்டு பாங்காக்கு ஆசிய விளையாட்டில் பொற்பதக்கம் வென்ற அணியின் தலைவர். அவர் ஆடிய ஆட்டங்கள் 339 என்று கணக்குண்டு. அவர் அடித்த இலக்குகளுக்கோ கூட்டமைப்பு முறையான கணக்கு வைக்கவில்லை! தியான்சந்து காலத்தில் ஏடில்லை என்றால் காலத்தின்மேல் பழி போடலாம். கணிப்பொறிக் காலத்தில் ஆடிய தன்ராசு பிள்ளைக்கும் ஏடில்லை என்றால் அப்பழியை எவர்மேல் போடுவது?

கணக்கற்ற பெருமை அரசவையிலும் கணக்கில் வருவதில்லை. 1956இல் தியான்சந்துக்குப் பத்மபூசண் விருது தந்தனர். 1979ஆம் ஆண்டு திசம்பர் 3ஆம் நாள் அவர் மறைந்தார். 2014ஆம் ஆண்டு பாரத இரத்தினம் என்னும் மிக உயர்ந்த விருது முதன்முறையாக ஒரு விளையாட்டு வீரர்க்கு வழங்கப்பட்டது. பெற்றவர் மட்டைப்பந்து வீரர் சச்சின் தெண்டுல்கர். அவர் தகுதியில் குறை காண வேண்டியதில்லை. அவர் எடுத்த நூறுகளை உலகமே எண்ணியது. 2021ஆம் ஆண்டு நாட்டின் தலைமை விளையாட்டு விருதுக்குத் தியான்சந்தின் பெயரைச் சூட்டினர். தில்லித் திடலுக்கும் அவர் பெயர். விருதுக்கு அவர் பெயர் உண்டு. அவர் பெயருக்கு அவ்வுயர்ந்த விருது இன்றுவரை இல்லை. ‘வளைகோற்பந்தின் பிராட்மன்’ என்று பேசித் தீர்த்தோர்க்கு அதுவே போதுமென்று தோன்றியது போலும்! கடன் வாங்கிய மணிமுடி தலையிலிருக்கும்போது சொந்த மணிமுடி எதற்கு என்பது அவர்கள் எண்ணமாதல் வேண்டும்.

செய்யத்தக்கது

பழுது சொல்லி நிறுத்துவது பயனற்றது, செய்யத்தக்கதும் உண்டு.

முதலாவது, பெயரைப் பெயராகச் சொல்லுதல். தியான்சந்து தியான்சந்தே, பிராட்மன் பிராட்மனே, கிரெட்சுகி கிரெட்சுகியே. ஒவ்வொருவர் பெருமையையும் அவரவர் ஆட்டத்தின் சொல்லால் பேசுதல் வேண்டும். தியான்சந்து தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய நூல் 1952ஆம் ஆண்டு சென்னையிலிருந்துதான் வெளிவந்தது. அவர் தம்மைப் பற்றிக் கூறியதைப் படித்தறியச் சோம்பி, அவரைப் பற்றிப் பிறர் கூறிய ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குவது முறையாகாது.

இரண்டாவது, எண்ணி எழுதுதல். தமிழ்நாட்டில் இவ்வாட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்துச் சிறுவர்கள் கையில் வளைகோலைக் காணலாம். 2025ஆம் ஆண்டு இறுதியில் இளையோர் உலகக் கோப்பையே சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. இங்குள்ள பள்ளிகளும் கழகங்களும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் ஏடு வைக்கட்டும். அடித்தவன் பெயருக்கு நேரே, தந்தவன் பெயரையும், அவனுக்கு முன் தந்தவன் பெயரையும் எழுதட்டும். இதற்கு அரசாணை வேண்டா, பெருஞ்செலவு வேண்டா. நாற்பது பக்க ஏடொன்றும் எழுதுகோல் ஒன்றும் திடலோரம் அமர ஓர் ஆசிரியரும் போதும். பத்தாண்டு இவ்வாறு எழுதப்படின், இவ்வாட்டத்தின் உண்மையான அளவுகோல் தமிழ் மண்ணில் உருவாகிவிடும்.

மூன்றாவது ஓர் எச்சரிக்கை. அவ்வேட்டில் நாளை ஒரு பெயர் மேலெழும். ஏதோ ஒரு சிற்றூர்ப் பிள்ளை எல்லாரையும் கடந்து நிற்பான், அல்லது நிற்பாள். அன்று செய்தித்தாள்கள் அப்பிள்ளையைத் ‘தமிழகத்தின் தியான்சந்து’ என்று எழுத ஓடிவரும். பிராட்மன் பெயரைத் தியான்சந்துக்கு இடுவது எத்துணைத் தவறோ, தியான்சந்து பெயரை அப்பிள்ளைக்கு இடுவதும் அத்துணைத் தவறே. அதற்குத் தாய் இட்ட பெயரொன்று இருக்கும். ஏட்டில் எழுதப்பட்டிருப்பதும் அப்பெயராகவே இருக்கும். அதனையே சொல்லுக.